முதல் பத்திரிகை வைக்க வருவோருக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் சந்நிதியில் கல்யாணப் பத்திரிகை வைத்துக் கும்பிட வரும் பெற்றோர்களே, மணமக்களே, உடன் வரும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே,



முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் காரைக்குடிப் பக்கமிருந்தும் திருப்பத்தூர்ப் பக்கமிருந்தும் கார் காராக வருகிறீர்கள். குடைவரைக்குள் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வலம்புரிப் பிள்ளையாருக்கே முதல் பத்திரிகை. நகரத்தார் வீட்டாருக்கு இந்தக் கோயில் இன்னும் நெருக்கம். ஒன்பது நகரக் கோயில்களில் இதுவும் ஒன்று. இந்தக் கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டில் கல்யாணம் முடிந்ததும் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகச் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு புதுக் குடும்பம் உருவாவதை இவ்வளவு முறையாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும் ஊர்ப்பக்கம் இது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதத் தோன்றியது.

மண்டபம், சமையல், சீர், நகை என்று நீளமான பட்டியல் கையில் இருக்கும். அதில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். குழந்தை வேண்டும் என்று தம்பதி நினைக்கிற காலத்துக்கு ஒரு மாதமாவது முன்பிருந்தே பெண் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளத் தொடங்க வேண்டும். கல்யாணம் ஆனதும் குழந்தை பிறக்கட்டும் என்று நினைக்கும் வீடுகளில், அந்த நாள் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிடுகிறது.

"இன்னும் உண்டாகவே இல்லை, அதற்குள் எதற்கு மாத்திரை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கான பதில் கருவின் மூன்றாவது, நான்காவது வாரத்தில் இருக்கிறது. அந்த இரண்டு வாரங்களில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், மாத்திரையை யாரும் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்காது.

மூன்றாம் வாரத்தில் கரு என்பது மூன்றடுக்குள்ள ஒரு சின்னத் தட்டு. மேலடுக்கில் இருக்கும் செல்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு: தோலாகலாம், அல்லது நரம்பாகலாம். எந்த வழி என்பதைச் செல் தானாக முடிவு செய்வதில்லை. அக்கம்பக்கத்துச் செல்கள் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவை இந்தச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் வந்து ஒட்டுகின்றன. ஏற்பி உள்ளே ஒரு புரதத்தைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, கடைசியில் உட்கருவில் சில மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன, சில நின்றுபோகின்றன. இந்தத் தொடருக்குத்தான் செல் சமிக்ஞைப் பாதை என்று பெயர். மூளையும் தண்டுவடமும் முழுக்க முழுக்க இப்படிப்பட்ட பாதைகளின் வேலை.

நரம்பாகும்படி பக்கத்துச் செல்கள் சொல்வதைத் தெளிவாகக் காட்டியவர் ஒரு மாணவி. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஹான்ஸ் ஸ்பீமான் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்த ஹில்டே மாங்கோல்ட், நீரில் வாழும் நியூட் என்ற பல்லி போன்ற உயிரின் கருவிலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டி எடுத்து, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் பதித்தார். தோலாகியிருக்க வேண்டிய அந்த இடத்தில் இரண்டாவதாக ஒரு மூளையும் தண்டுவடமும் உருவாயின. பதித்த துணுக்கு மட்டும் வளர்ந்து அப்படி ஆகிவிடவில்லை. அது சுற்றியிருந்த செல்களுக்கு ஏதோ சொல்லியிருக்கிறது, அவை நரம்பாகிவிட்டன. 1924-ல் இந்த ஆய்வு வெளியானது. அதே ஆண்டு வீட்டு அடுப்பில் ஏற்பட்ட தீ விபத்தில் இளம்வயதிலேயே ஹில்டே இறந்துபோனார். 1935-ல் நோபல் பரிசு ஸ்பீமானுக்குக் கிடைத்தது.

அந்தத் துணுக்கு சொன்னது என்ன? கண்டுபிடிக்க எழுபது ஆண்டு ஆயிற்று. 1990-களில் நாகின், கார்டின் என்ற புரதங்கள் பிடிபட்டன. எல்லோரும் எதிர்பார்த்தது "நரம்பாகு" என்று சொல்லும் ஒரு கட்டளையை. கிடைத்ததோ அதற்கு நேர்மாறு. மேலடுக்குச் செல்களுக்கு "தோலாகு" என்று சொல்லிக்கொண்டிருக்கும் பி.எம்.பி. என்ற புரதம் ஒன்று உண்டு. நாகினும் கார்டினும் அதைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. கட்டளை வந்து சேராத இடத்தில் செல்கள் நரம்பாகின்றன. நம் முதுகின் நடுக்கோட்டில் தண்டுவடம் இருப்பதற்கு, அந்த இடத்தில் ஒரு பேச்சு வாயடைக்கப்பட்டதும் ஒரு காரணம்.

நரம்பாகப் போகும் செல்கள் அடுத்துச் செய்ய வேண்டியது மடிவது. கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைகளுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். தட்டிய மாவின் ஓரங்களைத் தூக்கி, கூட்டி, இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறோம் அல்லவா? நரம்புத் தட்டின் இரண்டு ஓரங்களும் அப்படித்தான் எழும்பி, நடுவில் சந்தித்து, ஒட்டி, ஒரு குழாயாகின்றன. கழுத்துப் பகுதியில் ஒட்டத் தொடங்கி மேலும் கீழும் போகிறது. தலைப்பக்கத் திறப்பு ஏறக்குறைய 25-ஆம் நாளில் மூடுகிறது, கீழ்ப்பக்கத் திறப்பு 28-ஆம் நாளுக்குள். அப்போது கருவின் நீளம் 4 மில்லிமீட்டர் அளவுதான்.

மடிவதற்கு முன் தட்டு அகலம் குறைந்து நீளம் கூட வேண்டும். செல்கள் எல்லாம் ஒரே திசை தெரிந்து நடுக்கோட்டை நோக்கி நெருங்கினால்தான் இது நடக்கும். அந்தத் திசையறிவைத் தருவது விண்ட் என்ற சமிக்ஞைக் குடும்பத்தின் ஒரு கிளை. வாங்கிள்-2 என்ற மரபணு பழுதான எலிக்கருவில் தட்டு அகலமாகவே நின்றுவிடுகிறது. ஓரங்கள் எழும்பினாலும் ஒன்றையொன்று தொட முடிவதில்லை, முதுகு நெடுகத் திறந்தே கிடக்கிறது.

குழாய்க்குள்ளும் பேச்சு ஓய்வதில்லை. கீழ்ப்பக்கத்திலிருந்து சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் பரவுகிறது. பழ ஈயில் ஹெட்ஜ்ஹாக் மரபணுவைக் கண்டவர்கள் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும். முதுகெலும்புள்ள உயிர்களில் 1993-ல் அதன் உறவுக்கார மரபணு கிடைத்தபோது, விளையாட்டுப்போக்கில் ஒரு வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பெயர் விளையாட்டு, வேலை கறாரானது. புரதம் செறிவாக இருக்கும் கீழ்ப்பகுதியில் கைகால் தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் உருவாகின்றன. செறிவு குறையக் குறைய வேறு வகைச் செல்கள். மேல்பக்கத்திலிருந்து பி.எம்.பி.யும் விண்டும் இறங்கி வருகின்றன. அங்கே தொடுதலையும் வலியையும் மூளைக்குக் கடத்தும் செல்கள் பிறக்கின்றன. பிறக்கும்போது ஒரே மாதிரியான செல்கள், எந்தப் புரதம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை வைத்து வேறு வேறு வேலைக்குப் போகின்றன.

இந்தப் பேச்சில் ஒரு நாள் தடங்கல் வந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஐடஹோ மாநில ஆட்டுக்காரர்கள் 1950-களில் கண்ணால் பார்த்தார்கள். சில குட்டிகள் நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு பிறந்தன. காரணம் மலை மேய்ச்சலில் இருந்த ஒரு செடி. அதில் உள்ள சைக்ளோபமைன் என்ற பொருள் சானிக் ஹெட்ஜ்ஹாக் பாதையை அடைத்துவிடுகிறது, முன்மூளை இரண்டாகப் பிரிவதில்லை. தாய் ஆடு சினையான 14-ஆம் நாளையொட்டி அந்தச் செடியைத் தின்றிருந்தால்தான் இந்தக் கேடு. வேறு நாட்களில் தின்ற ஆடுகள் ஒற்றைக்கண் குட்டி போடவில்லை. எதைத் தின்றது என்பதைப் போலவே என்றைக்குத் தின்றது என்பதும் முக்கியம். நான் சொல்ல வரும் விஷயத்துக்கும் அதுவே மையம்.

குழாய் மூடியபின் செல்கள் பெருகுகின்றன. எல்லாச் செல்லும் உடனே நரம்பாகிவிட்டால் கையிருப்பு தீர்ந்துபோகும். அதைத் தடுப்பது நாட்ச் என்ற பாதை. நரம்பாகத் தொடங்கிய செல், டெல்டா என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் நீட்டி, தொட்டுக்கொண்டிருக்கும் செல்லின் நாட்ச் ஏற்பியைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட செல் நரம்பாகாமல் பிரிந்துகொண்டே காத்திருக்கிறது. இப்படி முறைவைத்துப் பிறந்த செல்கள்தாம் பின்னால் மூளையின் அடுக்குகளாகின்றன. அந்த அடுக்குகள் எப்படி இருக்கும் என்று பார்க்க இப்போது வெளிநாடு போக வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற வரைபடத்தை வெளியிட்டது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான ஐந்து கருக்களின் மூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாகப் படம்பிடித்து, செல் செல்லாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

இனி, குழாய் மூடாமல் போனால் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகுத் தண்டு பிளவுபட்டுக் குழந்தை பிறக்கிறது. அறுவைசிகிச்சைக்குப் பிறகும் கால்களில் பலமின்மை, சிறுநீர் கட்டுப்பாடின்மை, தலையில் நீர் கோர்த்தல் என்று வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். தலைப்பகுதி மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாவதில்லை, குழந்தை பிழைப்பதில்லை. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய நான்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஃபோலேட் என்ற உயிர்ச்சத்து இங்கேதான் வருகிறது. அது சமிக்ஞை இல்லை. ஆனால் வந்த சமிக்ஞைப்படி நடக்கச் செல்லுக்கு அது வேண்டும். மடிந்துகொண்டிருக்கும் தட்டின் செல்கள் அதிவேகமாகப் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் புது டி.என்.ஏ. வேண்டும், அதைக் கட்ட ஃபோலேட் வேண்டும். எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று டி.என்.ஏ. மேல் குறியிடும் வேலைக்கும் அதுவே மூலப்பொருள் தருகிறது.

இந்தச் சத்தின் கதையில் சென்னைத் திருவல்லிக்கேணிக்கு இரண்டு பங்கு உண்டு. 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய பம்பாய்க்கு வந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் சில மாதங்கள் வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் நம் கோஷா ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் இருந்தார். ஈஸ்ட் சாற்றிலிருந்து செய்த மார்மைட் என்ற மலிவான உணவுப்பொருள் அந்த ரத்தசோகையைத் தீர்ப்பதைக் கண்டு எழுதினார். அதில் இருந்த பொருள் என்ன என்பது அப்போது தெரியாது. 1941-ல் டன் கணக்கில் பசலை போன்ற கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டியது லெடர்லே நிறுவனத்தில் எல்லாப்ரகடா சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு, 1945-ல். சுப்பாராவ் பீமாவரத்துக்காரர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். இன்று மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மஞ்சள் மாத்திரைக்குப் பின்னால் இவர்கள் இருக்கிறார்கள்.

ரத்தசோகைக்கு என்று தொடங்கிய மருந்து முதுகுத் தண்டையும் காக்கிறது என்பதை 1991-ல் உறுதிசெய்தார்கள். ஏற்கெனவே நரம்புக் குழாய் மூடாத குறையோடு ஒரு குழந்தை பெற்ற தாய்மாரை ஏழு நாடுகளின் 33 மையங்களில் வைத்து ஆராய்ந்தது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கருவுறுவதற்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு அடுத்த குழந்தையில் அந்தக் குறை 72 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டே, அப்படிப்பட்ட குழந்தை முன்பு பெறாத பெண்களுக்கும் பயன் உண்டு என்று ஹங்கேரியில் காட்டினார்கள். 1999-ல் சீனாவிலிருந்து வந்த பெரிய ஆய்வு தினம் 400 மைக்ரோகிராம் போதும் என்று காட்டியது. குறை அதிகமிருந்த வடபகுதியில் 79 சதவீதமும் தென்பகுதியில் 41 சதவீதமும் குறைந்தது.

இப்போது நாட்கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன நாட்கள் கருவுற்றதிலிருந்து எண்ணியவை. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் குழாய் மூடி முடிவது ஆறாவது வாரம். நாள் தள்ளிப்போனது தெரிவது நான்காவது வாரத்துக்குப் பிறகு. இன்னும் சில நாள் பார்ப்போம் என்று காத்திருந்து, பரிசோதித்து, பெரியவர்களிடம் சொல்லி, டாக்டரிடம் போவதற்குள் ஆறு வாரம் கடந்துவிடும். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பன்னிரண்டாவது வாரம் என்பது குழாய் மூடி ஒன்றரை மாதம் ஆன காலம். நான்காம் மாதத்திலிருந்து தரப்படும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை தாயின் ரத்தத்துக்கு அவசியம், அதைக் கட்டாயம் சாப்பிட வேண்டும். கருவின் முடிந்துபோன நான்காவது வாரத்துக்கு மட்டும் அது போய்ச் சேராது.

கல்யாணத்துக்கு முன் பள்ளியில் வாரம் ஒன்றாகத் தரும் இரும்பு மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உண்டு. தண்டுவடத்தைக் காக்க வாரம் ஒருமுறை மட்டும் தருவதென்றால் 2.8 மில்லிகிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 40-ஐத் தொடாது. முருங்கைக்கீரையும் பருப்பும் தட்டில் தினம் இருக்கட்டும். ஆனால் ஃபோலேட் நீரில் கரையும், கொதியில் அழியும். வடித்துக் கொட்டிய பின் எவ்வளவு மிஞ்சியது என்று எந்தச் சமையற்கட்டும் சொல்ல முடியாது. மாத்திரைக்கு மாற்று இல்லை.

மாத்திரை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். முன்பு இந்தக் குறையோடு குழந்தை பிறந்த வீடுகளுக்கு அந்த உயர்ந்த அளவு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 400 மைக்ரோகிராம். எது உங்களுக்கு என்பதை மருத்துவரோ ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரோ சொல்லட்டும்.

அந்தச் சந்திப்பிலேயே இன்னும் சிலவற்றைப் பேசிவிடுவது நல்லது. கல்யாணத்துக்கு முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும் பெண்கள் இன்று பலர். அது வைட்டமின் ஏ குடும்பத்துப் பொருள். பின்மூளையின் பகுதிகளை வரையறுக்கும் ரெட்டினாயிக் அமிலச் சமிக்ஞையை நேரடியாகக் குழப்பும். நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே கருவுறலாம். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண் கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது தண்டுவடக் குறைக்கான வாய்ப்பைக் கூட்டும் மருந்து. ஆனால் தானாக நிறுத்தக் கூடாது, வலிப்பே உயிருக்கு ஆபத்து. மாற்று மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். சம்பந்தம் கைநழுவிவிடும் என்று பயந்து மருந்தை ஒளித்துச் சாப்பிடும் நிலைக்கு எந்தப் பெண்ணையும் தள்ளாதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் கருவுறும் முன்பே கட்டுக்குள் வர வேண்டும். ஆரம்ப வாரங்களில் ரத்தச் சர்க்கரை கூடினால் இதே குழாய் மூடுவதில் தடை வருகிறது. தைராய்டுக் குறையையும் முன்பே கவனிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான் இருக்கிறது, அதற்கு அயோடின் வேண்டும். தூத்துக்குடி உப்பு நாடெங்கும் போகிறது. ஆனால் 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் போதிய அயோடின் கலந்த உப்பு வீடுகளில் புழங்கும் அளவில் கடைசி இடம் தமிழ்நாட்டுக்கு, 61.9 சதவீதம். மூட்டையில் வாங்கும் கல்லுப்பு வீட்டில் இருந்தால், பாக்கெட்டில் அயோடின் என்று அச்சிட்டிருக்கும் உப்புக்கு மாறுங்கள்.

உங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒரு வேண்டுகோள்.

மாமியார்மாரே, மருமகள் மாத்திரை சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு "என்ன கோளாறு?" என்று கேட்காதீர்கள். அது நோய்க்கான மருந்து இல்லை. நீங்களே வாங்கி வைத்துக் கொடுத்தால் வீட்டில் யாருக்கும் கூச்சம் இருக்காது.

மாப்பிள்ளைமாரே, இது பெண்கள் விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வேலையில் இருந்து விடுமுறைக்கு வந்து போகிறவர்களுக்கு இன்னும் ஒரு சொல்: ஊருக்கு வரும் தேதி உங்களுக்கு முன்பே தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே மனைவி தொடங்கிவிடலாம்.

புள்ளிக் கணக்கு வைத்திருக்கும் கோயில் காரியக்காரர்களே, நகர விடுதிகளை நடத்துவோரே, புதுப் புள்ளி சேரும்போது பிரசாதத்தோடு ஒரு துண்டுத்தாளில் நான்கு வரி அச்சிட்டுக் கொடுக்க முடியுமா? கிராம சுகாதாரச் செவிலியரின் கர்ப்பிணிகள் பட்டியலில் ஒரு பெண் ஏறுவது கருவுற்ற பிறகு. உங்கள் பட்டியலில் அவள் அதற்கு முன்பே ஏறிவிடுகிறாள். அந்த முன்கூட்டிய நேரம் உங்களிடம் இருக்கிறது.

கடைசியாக, எல்லோருக்கும் சேர்த்து. குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் நம் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி "கிரகணத்தன்று வெளியே வந்தாளா?" என்பது. கிரகணத்துக்கும் நரம்புக் குழாய்க்கும் சம்பந்தமில்லை. அந்தக் கேள்வி போய், அதன் இடத்தில் "மாத்திரை சாப்பிட்டாளா?" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடவும் கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்ட தாய்மாருக்கும் சிலநேரம் இந்தக் குறையோடு குழந்தை பிறக்கிறது. குழாய் மூடுவதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, அவற்றில் பாதி தகப்பன் வழி வருபவை. ஃபோலிக் அமிலம் ஆபத்தைக் குறைக்கிறது, முற்றாக நீக்குவதில்லை. அதனால் மாத்திரையைக் கொடுங்கள், பழியைக் கொடுக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, காரைக்குடியிலோ உங்கள் ஊரிலோ ஒரு மருத்துவரைப் பாருங்கள். "ஃபோலிக் அமிலம் என்றைக்குத் தொடங்கலாம், எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பெண்ணோ மாப்பிள்ளையோ கேட்கக் கூச்சப்பட்டால், உடன் போகும் பெரியவர்கள் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
பிள்ளையார்பட்டிப் பக்கத்து உயிரியல் ஆசிரியர் ஒருவர்